மலைக்குப் போகும் வண்டிகளை எண்ணினால் மட்டும் போதுமா?

2025 மார்ச் 31 அன்று தமிழகத்தில் நோன்புப் பெருநாள் கொண்டாடினோம். மறுநாள் ஏப்ரல் 1. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த உச்சவரம்பு அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. அதற்கு மேல் இ-பாஸ் கிடையாது என்று அப்போது விதிக்கப்பட்டது.

அதற்கு அடுத்த நாள், ஏப்ரல் 2ஆம் தேதி, நீலகிரி வணிகர்கள் கடைகளை அடைத்துப் போராட்டம் நடத்தினார்கள். கோடைகால இரண்டு மூன்று மாத வருமானத்தில்தான் ஆண்டு முழுக்கக் குடும்பம் நடக்கிறது, அதிலும் கை வைத்தால் எப்படி என்பது அவர்களுடைய கேள்வி. மலை இதற்கு மேல் தாங்காது என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பதில். பெருநாள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகலாம் என்று நினைத்திருந்த நம்மில் பலருக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது: நமக்கு பாஸ் கிடைக்குமா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் நடுவே அதிகம் கேட்கப்படாத ஒரு குரல் இருக்கிறது. மலையில் பிறந்து, மலையிலேயே உழைத்து வாழும் கிராம மக்களின் குரல் அது. சுற்றுலா வந்தாலும் அவர்கள் வாழ்க்கை மாறுகிறது, வராவிட்டாலும் மாறுகிறது. ஆனால் எது வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லை. நிலைத்து நிற்கும் சுற்றுலா பற்றிப் பேச வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இ-பாஸ் ஏன் வந்தது?

இ-பாஸ் திடீரென்று முளைத்ததல்ல. 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கையில், சீசன் நேரத்தில் நீலகிரிக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 20,000 வாகனங்கள் வருவதாகச் சொல்லப்பட்டிருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7,35,394தான். மலைச்சாலைகள் குறுகியவை, பெரும்பாலான இடங்களில் அகலப்படுத்தவும் முடியாது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எண்ணிக்கையைக் கேட்ட நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது.

முதலில் அது வெறும் பதிவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கு எடுப்பதே நோக்கம். கோடைக்கு மட்டும் என்று தொடங்கியது பிறகு நீட்டிக்கப்பட்டது. மலை எவ்வளவு பேரைத் தாங்கும் என்று ஆய்வு செய்யும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. அந்த ஆய்வு முடியும்வரை இடைக்கால ஏற்பாடாக, 2025 கோடைக்கு உச்சவரம்பு வந்தது. உள்ளூர் வாகனங்கள், அரசுப் பேருந்துகள், ரயில் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு விதிக்கப்படவில்லை.

இதை நாம் ஆதரிக்கிறோம். 20,000 வாகனங்கள் ஏறும் சாலையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் இறங்க முடியாது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நேரத்துக்கு வீடு சேர முடியாது. ஆனால் வாகனங்களை எண்ணுவது சாலைக்குக் கிடைக்கும் வைத்தியம் மட்டுமே. மலையின் நோய் சாலையோடு நிற்கவில்லை.

மலை ஏன் தாங்காது?

நீலகிரியின் உயரமான பகுதிகளின் இயற்கை அமைப்பு சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்தது. மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, கோடையில் ஊற்றாகவும் ஓடையாகவும் கசியவிடுவது அந்த அமைப்புதான். பவானியும் மோயாறும் இந்த மலைகளின் நீரைச் சுமந்துதான் வருகின்றன. பவானியின் குறுக்கே உள்ள பில்லூர் அணையிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. கோவை உக்கடத்திலோ போத்தனூரிலோ வீட்டுக் குழாயைத் திறக்கும் ஒரு குடும்பம், தெரிந்தோ தெரியாமலோ மலையின் தயவில்தான் வாழ்கிறது. மலை கெட்டால் அது மலைக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இந்த அமைப்பு குலையத் தொடங்கியது. தேயிலை வந்தது, கற்பூர மரம் வந்தது, சீகை மரம் வந்தது. புல்வெளிகள் சுருங்கின. அதன்மேல் இப்போது விடுதிகளும் பங்களாக்களும். சரிவை வெட்டித் தளம் அமைக்கும்போது மண்ணைப் பிடித்து வைத்திருந்த வேர்கள் போகின்றன. மழைநீர் வழிந்தோடும் பாதை அடைபடுகிறது. பெருமழை வரும் நாளில் தண்ணீர் தனக்கான வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. இப்படிப்பட்ட மழை இனி அபூர்வம் அல்ல என்று வானிலை ஆய்வாளர்கள் எச்சரித்து வருகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிகளைப் பாதுகாக்கத் தனிக் குழுமம் 1990இலேயே அமைக்கப்பட்டது. நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்ற விதி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் வீடு என்று அனுமதி வாங்கிக்கொண்டு விடுதியாக நடத்துவது, கட்டி முடித்துவிட்டு வரன்முறைக்கு விண்ணப்பிப்பது என்று அந்த விதியைச் சுற்றிப் போகப் பல வழிகள். அந்த வழிகளெல்லாம் பணம் உள்ளவர்களுக்கே திறக்கின்றன. தன் பிள்ளைக்கு ஓர் அறை கூடுதலாகக் கட்ட நினைக்கும் தோட்டத் தொழிலாளி அதே விதியால் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்.

வயநாடு தந்த இரண்டு பாடங்கள்

நீலகிரியை ஒட்டிய மாவட்டம் வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை, புஞ்சிரிமட்டம் ஆகிய ஊர்களை நிலச்சரிவு அடித்துச் சென்றது. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் அனைத்து மதப் பிரார்த்தனையோடு அடக்கம் செய்த காட்சியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் புத்துமலையே 2019இல் நிலச்சரிவில் சிக்கிய ஊர்தான்.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2024 நிலச்சரிவு தொடங்கியது மலை உச்சியில், காட்டுப் பகுதியில். இரண்டு நாட்களில் கொட்டிய மழை அங்கே சரிவைத் தளர்த்தியது. ஆகவே விடுதிகள்தான் அத்தனை பேரையும் கொன்றன என்று சொல்வது சரியல்ல. ஆனால் ஆபத்தான சரிவுகளின் கீழேயும் ஆற்றின் கரையிலும் மக்களைக் குடியேறவும் தொழில் செய்யவும் விட்டது யார்? மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011இலேயே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பல மண்டலங்களாகப் பிரித்து, எங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்த முடிவுகளைக் கிராம சபைகளோடு கலந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அறிக்கைக்கு மலைப்பகுதிகளிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. நிலம் பறிபோகும் என்ற அச்சம் பரவியது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அதைத் தளர்த்தி வேறொரு அறிக்கை தந்தது. அதுவும் இழுபறியில் கிடந்தது.

இது முதல் பாடம். மக்களிடம் பேசாமல் மலையைக் காப்பாற்ற முடியாது. பேச வேண்டிய நேரத்தில் அரசு பேசாவிட்டால், அந்த இடத்தில் வதந்தி பேசும்.

இரண்டாவது பாடம் அதன்பிறகு வந்தது. நிலச்சரிவு நடந்தது மாவட்டத்தின் ஒரு மூலையில். ஆனால் வயநாடு முழுவதும் சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றுபோனது. பாதிக்கப்படாத ஊர்களில் ஜீப் ஓட்டியவர்கள், தேநீர்க்கடை வைத்தவர்கள், மசாலாப் பொருள் விற்றவர்கள், வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டவர்கள் எல்லோரும் வருமானம் இழந்தார்கள். வாருங்கள், வயநாடு பாதுகாப்பானது என்று கேரள அரசே பிரச்சாரம் செய்ய வேண்டியிருந்தது. சுற்றுலாவே வேண்டாம் என்று சமவெளியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. அந்த வருமானத்தில் அடுப்பெரியும் வீடுகளுக்கு அது பதிலாகாது.

லாபம் யாருக்கு, சுமை யாருக்கு?

மலைக்கிராமங்கள் ஏன் சுற்றுலாவின் பக்கம் சாய்ந்தன என்று பார்க்க வேண்டும். நீலகிரியின் சிறு விவசாயிகளுக்குப் பசுந்தேயிலைதான் வாழ்வாதாரம். அதற்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் அவர்கள் பல ஆண்டுகளாகத் தவிக்கிறார்கள். ஆதார விலை கேட்டு 2023இல் தொடர் போராட்டம் நடத்தினார்கள். உரம், கூலி, மருந்து எல்லாம் ஏற, இலை விலை மட்டும் ஏறாதபோது பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்குகிறார்கள். தோட்டம் விலைக்கு வருகிறது. வாங்குபவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். நேற்று தன் நிலத்தில் இலை பறித்தவர், இன்று அதே நிலத்தில் எழுந்த விடுதியில் காவலாளி.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழர்களின் நிலையும் இதற்குக் குறைந்ததல்ல. தோதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி மக்களோ மலையின் முதல் உரிமையாளர்கள். சுற்றுலா விளம்பரங்களில் அவர்களுடைய படம் இருக்கிறது. அதன் வருமானத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது.

சுமையோ சமமாகப் பங்கிடப்படுகிறது, சொல்லப்போனால் ஏழைகள் பக்கமே அதிகம் விழுகிறது. சீசன் என்பது கோடை. ஊற்றுகள் வற்றும் காலமும் கோடைதான். விடுதிகள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிவிடும். ஊர்க்காரர்கள் குடத்தோடு காத்திருப்பார்கள். வீட்டு வாடகை ஏறுகிறது. குப்பை, ஊருக்கு வெளியே ஏழைகள் வாழும் பகுதியில் போய்ச் சேர்கிறது.

வனவிலங்குகளோடு உள்ள உறவும் கெடுகிறது. மசினகுடி அருகே சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த 27 விடுதிகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 ஆகஸ்டில் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் அந்த வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பும் வந்தது. அடுத்த மூன்றே மாதங்களில், 2021 ஜனவரியில், அதே மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியின் அருகே வந்த யானையின் மீது எரியும் பொருள் வீசப்பட்டு அது காயத்தோடு இறந்தது. வழி மறிக்கப்பட்ட யானை ஊருக்குள் வரும்போது உயிரைப் பணயம் வைப்பவர் வார இறுதிக்கு வந்துபோகும் விருந்தினர் அல்ல. இருட்டில் வேலை முடிந்து நடந்து வரும் கூலித் தொழிலாளி.

வேறு வழி உண்டா?

இதே சிக்கலைச் சந்தித்த மற்ற மலை நாடுகளும் மாநிலங்களும் சில வழிகளை முயன்று பார்த்திருக்கின்றன.

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் 2000களின் தொடக்கத்தில் வீட்டுத் தங்கல் முறை தொடங்கப்பட்டது. பனிச்சிறுத்தை ஆடுகளைக் கொல்வதால் மக்கள் அதன்மேல் கோபமாக இருந்த காலம் அது. வருகிற பயணிகளைத் தங்கள் வீட்டிலேயே, தங்கள் உணவையே கொடுத்துத் தங்கவைக்க அக்குடும்பங்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. இதை நடத்துவது பெரும்பாலும் பெண்கள். விருந்தினர்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பப்படுவதால், பெரிய வீடு வைத்திருப்பவருக்கு மட்டும் லாபம் போவதில்லை. வருமானத்தில் ஒரு பங்கு ஊரின் பொது நிதிக்குப் போகிறது. பனிச்சிறுத்தையைப் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள் என்று ஆனபோது, அதைக் காப்பதில் ஊருக்கே அக்கறை வந்தது.

பூட்டான் வேறு வழியில் போனது. கொஞ்சம் பேர் வந்தால் போதும், வருபவர்கள் நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் இரவுக்கு 200 டாலர் கட்டணம் என்று 2022 செப்டம்பரில் உயர்த்தியது. வருகை குறைந்து உள்ளூர்த் தொழில்கள் தடுமாறியதும், அடுத்த ஆண்டே அதை 100 டாலராகக் குறைத்தது. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். கட்டணம் வாங்குவது தவறல்ல, ஆனால் அளவு மீறினால் அடி விழுவது உள்ளூர் மக்களுக்கே என்பதை இதிலிருந்து கற்கலாம். கட்டணத்தால் மட்டும் கட்டுப்படுத்தினால் மலை பணக்காரர்களுக்கு மட்டும் உரிய இடமாகிவிடும் என்ற ஆபத்தும் உண்டு.

நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. நீலகிரியில் காட்டோரங்களில் வீசப்படும் மதுப்பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்தன. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடுவது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. மதுக்கடையே வேண்டாம் என்பதில் நம் நிலைப்பாடு மாறாது. ஆனால் மனிதர்களின் நடத்தையை ஒரு சிறு ஏற்பாடு மாற்றும் என்பதை இது காட்டியது. தண்ணீர் பாட்டிலுக்கும் நொறுக்குத்தீனிப் பைக்கும் இதையே செய்ய முடியும்.

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையைப் பாருங்கள். மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாடிப்படிகள் போல இறங்கும் பூண்டு வயல்களைப் பார்க்கத்தான் பயணிகள் அங்கே நிற்கிறார்கள். அந்த விவசாயம் இருந்தால்தான் காட்சி இருக்கும். விவசாயி நிலத்தை விற்றுவிட்டால் பார்க்க வருபவருக்கும் ஒன்றும் இருக்காது. நல்ல விலையும் நேரடி விற்பனைக்கு வழியும் கிடைத்தால், விடுதி கட்டாமலேயே அந்த ஊர் சுற்றுலாவில் பங்கு பெறும்.

அரசு செய்ய வேண்டியவை

உச்சவரம்போடு நின்றுவிடாமல், அரசு நான்கு விஷயங்களைச் செய்ய வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலாவது, பேருந்து. தனி வாகனத்துக்கு வரம்பு போட்டால் அதே நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் கூடுதல் பேருந்துகள் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வரம்பு என்பது கூடவே வியாபார முடக்கமாகிவிடும். ஒரு பேருந்து ஐம்பது பேரைக் கொண்டு வரும். வண்டி குறையும், வாடிக்கையாளர் குறைய மாட்டார். வர்க்கி விற்பவரும் வாடகை ஜீப் ஓட்டுபவரும் பிழைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, பயணிகளிடம் வாங்கும் கட்டணம். நுழைவுச் சாவடிகளில் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு நேரடியாக மலை ஊராட்சிகளுக்குப் போக வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பது கிராம சபையில் படிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடம். பெரிய விடுதிகளுக்குப் புதிய அனுமதியை நிறுத்திவிட்டு, ஊரிலேயே வாழும் குடும்பம் தன் வீட்டில் ஓரிரு அறைகளை வாடகைக்கு விடுவதை எளிதாக்க வேண்டும். வெளியூர் முதலாளி அதே பெயரில் நுழையாதபடி, வீட்டில் வசிப்பவரே உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவசியம்.

நான்காவது, முடிவெடுக்கும் உரிமை. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு வலுவான இடம் தந்திருக்கிறது. தாங்குதிறன் ஆய்வு தமிழில் வெளியாகி, கிராம சபைகளில் விவாதிக்கப்பட்ட பிறகே நிரந்தர வரம்பு முடிவாக வேண்டும். வயநாட்டில் நடந்த தவறு இங்கே நடக்கக் கூடாது.

நம் குடும்பங்களின் பங்கு

அரசைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. பெருநாள் விடுமுறையிலும் பள்ளி விடுமுறையிலும் மலைக்குப் போகிறவர்களில் நாமும் இருக்கிறோம். தேக்சாவும் அடுப்பும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், வழியில் நிழல் பார்த்துப் பிரியாணி ஆக்கிச் சாப்பிடுவது நம் குடும்பங்களின் பழக்கம். அதில் தவறில்லை, கூடிச் சாப்பிடுவது நல்ல பழக்கமும்கூட. ஆனால் எலும்பும் மிச்சச் சோறும் தட்டும் அங்கேயே விடப்பட்டால், அன்று இரவு காட்டுப்பன்றியும் கரடியும் குரங்கும் அதைத் தேடி வரும். உப்பும் மசாலாவும் ருசி கண்ட விலங்கு மறுநாள் பக்கத்து ஊரின் சமையலறைக்குள் நுழையும். நாம் ஊர் திரும்பிவிடுவோம். அதைச் சமாளிக்க வேண்டியது அந்த வீட்டுப் பெண்.

சாலையோரக் காட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம். அனுமதித்த இடத்தில் மட்டும் சாப்பிட்டு, கொண்டு போன குப்பையைத் திருப்பிக் கொண்டு வருவோம். தண்ணீருக்குக் குடும்பத்துக்கு ஒரு பெரிய கேனும் எவர்சில்வர் பாட்டில்களும் போதும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதாக இருந்தால் மூன்று கார் வேண்டாம். ஒரு வேனோ அரசுப் பேருந்தோ போதும். பயணம் ஏற்பாடு செய்யும் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் கல்லூரிகளும் சீசன் நெரிசலைத் தவிர்த்து வேறு மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். காய்கறி, பூண்டு, தேன், தேயிலை ஆகியவற்றை ஊர்க்காரர்களிடமே, பேரம் பேசாமல் வாங்கலாம். கூடலூரிலும் குன்னூரிலும் ஊட்டியிலும் கடைவீதிகளில் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இதனால் ஆண்டு முழுக்க வருமானம் பரவும்.

இன்னொன்று, வசதி உள்ளவர்களுக்கு. மலையில் ஒரு பங்களா மனை, முதலீட்டுக்கு ஒரு வில்லா என்று விளம்பரங்கள் நம் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வாங்கும் முன் அந்த நிலம் முன்பு யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அனுமதி முறையாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் விற்பவரின் பேச்சை நம்பாமல் ஊர்க்காரரிடமே விசாரிக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து நாள் தங்குவதற்காக ஓர் ஊரின் ஊற்றை அடைப்பது பிறர் உரிமையைப் பறிப்பதாகும். பிறர் உரிமை எவ்வளவு கடுமையான விஷயம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த விடுமுறைக்கு இ-பாஸ் எடுக்கும்போது, எங்கே தங்குகிறோம், அந்த வாடகை யாருக்குப் போகிறது, நம் குப்பை எங்கே போய்ச் சேரும் என்ற மூன்றையும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒருமுறை பேசிவிட்டுக் கிளம்புவோம். பிள்ளைகளும் அந்தப் பேச்சில் இருக்கட்டும்.